அகராதி திறந்த பூட்டு

பதிவு சற்று நீளமானது. கணினி அறிவியல் படித்திருக்க வேண்டிய தேவையில்லை. மொழியியலும் வரலாறும் பயிலும் நண்பர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1979 நவம்பரில் ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.’ என்னும் ஆய்விதழில் மிகச் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும். யூனிக்ஸ் இயங்குதளத்தின் கடவுச்சொல் காப்பு எவ்வாறு படிப்படியாக உருவாயிற்று என்பதே அதன் பொருள். கணினிப் பாதுகாப்பு பயில்வோர் அதனை இன்றும் ஒரு தொழில்நுட்ப முன்னோடியாக வாசிக்கின்றனர். அதன் நடுவே உள்ள சிறு கணக்கெடுப்பு ஒன்று எனக்குச் சொல்வள ஆய்வின் ஓர் அத்தியாயம் போலத் தோன்றியது.

அவர்கள் திரட்டிய கடவுச்சொற்கள் 3,289. அவற்றுள் 15 ஒரே ஓர் எழுத்தாலானவை. 72 இரண்டெழுத்து, 464 மூன்றெழுத்து. எழுத்தும் எண்ணுமாக நான்கு குறிகள் கொண்டவை 477. ஐந்தெழுத்துச் சொற்கள், அனைத்தும் பெரிய எழுத்திலோ அனைத்தும் சிறிய எழுத்திலோ அமைந்தவை, 706. சிறிய எழுத்துகள் ஆறு மட்டும் கொண்டவை 605. இவற்றுக்கு அப்பால் 492 சொற்கள் அகராதிகளிலும் பெயர்ப் பட்டியல்களிலும் அப்படியே கிடைத்தன. ஆக மொத்தம் 2,831. திரட்டியதில் 86 விழுக்காடு.

இந்த எண்களைக் காட்டி ‘மக்கள் சோம்பேறிகள், எளிய சொல்லையே தேர்கிறார்கள்’ என்று முடிப்பது நாற்பது ஆண்டு வழக்கம். பயிற்சி வகுப்புகளில் இன்றும் இதே பாடம்தான். எனக்கு இந்த முடிவில் உடன்பாடில்லை. கடவுச்சொல் என்ற தொடரின் பிற்பாதியைப் பாருங்கள். சொல் என்பது பலருக்கும் பொதுவானது. பொதுவாக இருப்பதால்தான் அது சொல்லாகிறது. இரகசியமோ ஒருவருக்கு மட்டும் உரியது. மொழி ஒரு சமூக நிகழ்வு, தனிமனிதர் எவரும் அதை ஆக்கவோ உடைமையாக்கவோ இயலாது என்பது சோசூர் நமக்குக் கற்பித்த முதற்பாடம். அத்தகைய பொதுச்சொத்திலிருந்து ஒன்றை எடுத்து, ‘இது எனக்கு மட்டும் தெரியும்’ என்று கொள்ளச் சொன்னால் நேர்வது என்ன? அந்த 86 விழுக்காடுதான் விடை. கணினிக் காவலின் வரலாற்றில் பெரும்பகுதியை இந்த முரண்பாட்டின் வரலாறாக வாசிக்க முடியும் என்பது என் கருத்து.

கணினிக்கு முன்பே வாயிற்காவலில் இரண்டு மரபுகள் இருந்தன. ஒன்றை ரோமப் படையைப் பற்றி எழுதிய பொலிபியஸ் விவரிக்கிறார். இரவுக்குரிய அடையாளச்சொல்லை மரப்பலகையில் எழுதி, ஓர் அணியிலிருந்து அடுத்த அணிக்குக் கைமாற்றுவார்கள். இருட்டுமுன் பலகைகள் அனைத்தும் தலைமைக்குத் திரும்ப வேண்டும். ஒன்று வராவிட்டால், எந்த அணியின் குறியுள்ள பலகை வரவில்லை என்று பார்த்து எங்கே தவறியது எனக் கண்டுபிடிப்பார்கள். இரண்டாவது மரபு விவிலியத்தின் நீதிபதிகள் நூலில் வருவது. யோர்தான் துறையைக் கடக்க வந்தோரிடம் கிலயாத்தியர் ‘ஷிபோலெத்’ என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமியர் நாவில் அது ‘சிபோலெத்’ என்றே வந்தது. கொல்லப்பட்டோர் 42,000 என்கிறது அந்நூல்.

முதல் மரபில் சோதிக்கப்படுவது அறிவு: சொல் தெரியுமா, தெரியாதா? இரண்டாவதில் சொல் அனைவருக்கும் தெரியும். சோதிக்கப்படுவது அதைச் சொல்லும் விதம். அறிவைத் திருடலாம், கைமாற்றலாம், வற்புறுத்திப் பெறலாம். உச்சரிப்பை அவ்வளவு எளிதில் கடன் வாங்க முடியாது, மறைக்கவும் முடியாது. கணினி முதல் மரபில் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டாவதற்கு வந்து சேர்ந்தது.

தொடக்கம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961 நவம்பரில் சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப்பகிர்வு அமைப்பைச் செயல்படுத்திக் காட்டியது. அதுவரை ஒரு நேரத்தில் ஒருவர் வேலை மட்டுமே செய்துவந்த இயந்திரம், பல முனையங்களில் அமர்ந்த பலருக்கு மாறி மாறித் தன் நேரத்தைப் பகிர்ந்தளித்தது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்தமையால் ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் தேவைப்பட்டது. கணினியில் கடவுச்சொல் புழக்கத்துக்கு வந்தது இங்குதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கூட்டுக் குடித்தனத்தில் ஆளுக்கொரு பெட்டிக்குப் பூட்டு என்ற அளவில்தான் அந்த ஏற்பாடு.

ஓராண்டுக்குள் பூட்டு திறக்கப்பட்டது. திறந்தவர் பகைவர் அல்லர், ஆய்வு மாணவர். ஆலன் ஷெர்ருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரக் கணினிப் பயன்பாடு ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய முனைவர் பட்டக் கணக்குகளுக்கு அது போதவில்லை. (இந்த இடத்தில் பல்கலைக்கழக வாசகர் பலர் அவர் பக்கம் சாய்வார்கள் என அறிவேன்.) கோப்புகளை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியே கோரும் வசதி ஒன்று இருந்தது. கடவுச்சொற்கள் இருந்த கோப்பின் பெயரைத் துளையிட்டுக் கொடுத்தார். அச்சுப்படி வந்து சேர்ந்தது. 1962இல் நடந்த இதை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவரே பொது நிகழ்வொன்றில் வெளியிட்டார்.

இரண்டாவது நிகழ்வு இன்னும் விநோதமானது. 1960களின் நடுவில் ஒரு வெள்ளி மாலை, அதே அமைப்பில் நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைத்துப் பயனர்களின் கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சாகத் தொடங்கின. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தனர். திருத்தும் நிரல் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இட்டதால் இரண்டும் இடம் மாறிவிட்டன. கண்டுகொண்ட பயனர் ஒருவர் வேண்டுமென்றே இயந்திரத்தை நிலைகுலையச் செய்து நிறுத்தினார். கோர்பாட்டோ இதைத் தம் டூரிங் விருதுச் சொற்பொழிவிலேயே எடுத்துரைத்தார்.

இரண்டு நிகழ்வுகளிலும் பயனர் எவரும் எளிய சொல்லைத் தேர்ந்ததால் கேடு வரவில்லை. சொற்கள் அனைத்தையும் இயந்திரம் அறிந்திருந்தது; அறிந்திருந்ததால் உளறியது.

எனவே, இயந்திரம் அறியாமலேயே சரிபார்க்கும் வழி தேவைப்பட்டது. கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் அதைக் கண்டார். மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நேரப்பகிர்வு பற்றிய நூலில் அது விவரிக்கப்பட்டுள்ளது. தானியத்தை மாவாக்கலாம், மாவைத் தானியமாக்க முடியாது. அதுபோல் ஒருவழியாக மட்டும் இயங்கும் குறியாக்கத்தால் சொல்லை அரைத்து, மாவை மட்டும் சேமித்து வைப்பது. பயனர் வந்து சொல்லைத் தரும்போது அதையும் அரைத்து, மாவும் மாவும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்ப்பது. கோப்பு களவு போனாலும் கள்வனுக்குக் கிடைப்பது மாவுதான்.

யூனிக்ஸ் இந்த வழியில் சென்றது. மாவு இருந்த கோப்பை எவரும் படிக்கலாம் என்று திறந்தே வைத்தார்கள். முறையின் மீது அவ்வளவு நம்பிக்கை. இந்த நம்பிக்கையைத்தான் மோரிஸும் தாம்சனும் தாமே உடைத்துக் காட்டினர். மாவைத் தானியமாக்க வேண்டியதே இல்லை. அகராதியை எடுத்து ஒவ்வொரு சொல்லாக அரைத்துப் பார்த்துக்கொண்டே போனால் போதும். அன்றைய பி.டி.பி.-11/70 கணினியில் ஒரு சொல்லை அரைக்க 1.25 மில்லிநொடி. 2,50,000 சொற்கள் கொண்ட பட்டியலை முழுவதும் முயல ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதல். எழுத்துப்பிழை திருத்துவதற்கென யூனிக்ஸோடு ஒரு சொற்பட்டியலும் சேர்ந்தே வழங்கப்பட்டது. பூட்டையும் சாவிக்கொத்தையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்பியதாகிவிட்டது.

தீர்வாக அவர்கள் செய்தவை இரண்டு. அரைப்பதை வேண்டுமென்றே மெதுவாக்கினர்: டி.இ.எஸ். குறியாக்கத்தை 25 முறை திரும்பத் திரும்ப இயக்கினர். அடுத்து, ஒவ்வொருவர் சொல்லோடும் வெவ்வேறான 12 பிட் எண் ஒன்றைச் சேர்த்து அரைத்தனர். ஒரே சொல்லைத் தேர்ந்த இருவரின் மாவும் இப்போது வேறுவேறாக இருக்கும். ஒரு சொல்லுக்கு 4,096 வடிவங்கள் ஏற்படுவதால், அகராதி முழுவதையும் முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொள்வது கடினமாயிற்று. அந்த எண்ணுக்கு ‘உப்பு’ என்று பெயர் வைத்தார்கள். தானிய உவமை என்னுடையது, உப்பு அவர்களுடையது.

கவனிக்க வேண்டியது, இவை எவையும் சொல்லின் தன்மையை மாற்றவில்லை. தேடுவோருக்கு நேரத்தைக் கூட்டின, அவ்வளவுதான். இயந்திரங்கள் விரைவாக விரைவாக அந்த நேரம் கரைந்துவிடும் என்பதை அவர்களும் அறிந்தே இருந்தனர். ‘என் கடவுச்சொல் தமிழ்ச்சொல், ரோமன் எழுத்தில் இடுகிறேன், ஆங்கில அகராதியில் இராது’ என்று மகிழும் நண்பர்கள் எனக்கு உண்டு. 1979இல் அது ஓரளவு செல்லுபடியாகியிருக்கும். 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 3.2 கோடி கடவுச்சொற்கள், அரைக்கப்படாத தானியமாகவே வெளியே கொட்டின. அதன்பின் முயல்வோருக்கு அகராதியே தேவையில்லை. மக்கள் உண்மையில் எழுதிய சொற்களின் தொகுப்பே கையில் இருக்கிறது. அகராதி நெறிப்படுத்தும் மொழிக்கும் வழக்கு மொழிக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியாததா?

இங்கே வேறொரு கிளை பிரிகிறது. தாமே தம் பூட்டை உடைத்துப் பார்க்கும் மோரிஸ், தாம்சன் போக்குக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் முன்வரலாறு உண்டு. வில்லிஸ் வேர் தலைமையிலான குழு 1970இல் அளித்த அறிக்கை, பலர் பகிரும் கணினியில் அரசு இரகசியங்களை வைப்பதன் இடர்களை வகைப்படுத்தியது. அதே காலத்தில், அமைப்புகளைத் தாக்கி ஓட்டைகளைக் கண்டறிய அமர்த்தப்பட்ட குழுக்களுக்குப் ‘புலிக்குழு’ என்ற பெயர் வழங்கிற்று. அவை போன இடமெல்லாம் வென்றன. வென்றதில் ஒரு சிக்கலும் இருந்தது: கண்ட ஓட்டைகளை அடைத்தபின் அமைப்பு பாதுகாப்பானது என்று சொல்லலாமா? 1972இல் விமானப்படைக்காக அறிக்கை எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சன் உள்ளிட்டோர் சொல்லலாகாது என்றே கருதினர். அடுத்த குழு வேறோர் ஓட்டையோடு வரும்.

களப்பணி செய்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. நாம் திரட்டிய உரையாடல்களில் ஒரு வடிவம் வரவில்லை என்பதால் அது அம்மொழியில் இல்லை என்று எழுத முடியுமா? கிடைக்காமை இன்மைக்குச் சான்றாகாது.

1974இல் பால் கார்கர், ரோஜர் ஷெல் என்ற இரு விமானப்படை அலுவலர்கள், அக்காலத்தின் மிகக் கவனமாகக் கட்டப்பட்ட மல்டிக்ஸ் அமைப்பைச் சோதித்து எழுதிய அறிக்கை இத்துறையின் செவ்வியல் ஆவணம். அதில் போகிற போக்கில் ஒரு குறிப்பு வருகிறது. நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரிலேயே கள்ளக்கதவு வைத்தால், மூலநிரலை வரிவரியாக வாசித்தாலும் அது கண்ணில் படாது. பத்தாண்டுகளுக்குப் பின், கென் தாம்சன் 1984இல் அச்சான தம் டூரிங் சொற்பொழிவில் அதனைச் செய்தே காட்டி, எண்ணம் தமக்கு ஒரு பழைய விமானப்படை ஆவணத்திலிருந்து வந்தது என்றார். பனுவலை எவ்வளவு நுணுக்கமாக வாசித்தாலும் மொழிபெயர்ப்பாளரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மொழிபெயர்ப்புக் கோட்பாட்டு நூலும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தக் கிளையின் பிற்கால வளர்ச்சியை விரைந்து கடக்கிறேன். 1995இல் டேன் ஃபார்மர், வீட்சே வெனெமா இருவரும் ‘சாத்தான்’ என்று பொருள்படும் பெயரிட்டு வெளியிட்ட சோதனை நிரல், வலைப்பின்னலில் உள்ள கணினிகளின் ஓட்டைகளை எவரும் தேடிப் பார்க்க வழிசெய்தது. கள்வனுக்குக் கருவி கொடுக்கிறார்கள் என்று கூக்குரல் எழுந்தது. இன்று அத்தகைய சோதனை அன்றாட அலுவல்.

என் கதைக்குத் திருப்புமுனை 1980. அவ்வாண்டு ஏப்ரலில் ஜேம்ஸ் ஆண்டர்சன் இன்னோர் அறிக்கை எழுதினார். வாயில் காக்கும், ஆனால் முழுதும் காக்காது. அவ்வாறாயின் உள்ளே வந்துவிட்டவரை எப்படி அறிவது? அவர் சுட்டிய வளம், கணினி மையங்கள் கட்டணக் கணக்குக்காகவும் தணிக்கைக்காகவும் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த பதிவேடுகள். யார் எப்போது நுழைந்தார், எந்தக் கோப்பைத் தொட்டார், எவ்வளவு நேரம் இயந்திரத்தை இயக்கினார் என்பன அவற்றில் இருந்தன. ஆண்டர்சன் ஊடுருவுவோரை வகை பிரித்தார்: வெளியிலிருந்து வருபவர், வேறொருவர் பெயரில் நுழையும் வேடதாரி, தமக்குரிய உரிமையைத் தவறாகப் பயன்படுத்தும் உள்ளாள், பதிவேட்டிலேயே தடம் விழாதபடி மறைந்து இயங்குபவர்.

மூன்றாம் வகையை எண்ணிப் பாருங்கள். அவர் சொன்ன பெயர் உண்மை, கடவுச்சொல் உண்மை, உரிமையும் உண்மை. தமிழில் ‘நீ யார்’ என்ற சரிபார்ப்புக்கும் ‘உனக்கு என்ன உரிமை’ என்ற ஒப்புதலுக்கும் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லை வழங்குவோர் உண்டு. கலைச்சொல்லாக்கக் குறைபாடு என்று கடிந்துகொள்ளலாம். ஆயினும் ஆண்டர்சனின் மூன்றாம் மனிதர் இரண்டையும் முறையாகக் கடந்து வந்தவர். எந்தச் சொல்லாலும் அவரைத் தடுத்திருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் டோரத்தி டென்னிங் 1987 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ஓர் ஊடுருவல் கண்டறியும் மாதிரி’ என்னும் பொருள்படும் கட்டுரை வருகிறது. எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் நடந்த பணியின் பயன் அது. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பழக்கவழக்கச் சித்திரம் உண்டு: நுழையும் நேரம், இடம், அடிக்கடி இடும் கட்டளைகள், தொடும் கோப்புகள். புள்ளியியலால் அச்சித்திரத்தை வரைந்து வைத்து, இன்றைய நடத்தை அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளப்பது. விலகல் மிகுந்தால் மணி அடிப்பது.

மொழியியலாளர் இதனை வேறு பெயரால் அறிவோம். ஒருவருக்கே உரிய மொழிப்பழக்கத்தைத் தனிமொழி என்கிறோம். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளுள், எழுதியவர் யாரென்று சர்ச்சைக்குள்ளான 12 கட்டுரைகள் மேடிசனுடையவை என்று மோஸ்டெல்லரும் வாலஸும் 1964இல் நிறுவியது ‘அப்பான்’ போன்ற எளிய இடைச்சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டுதான். ஹாமில்டன் அதை மிகுதியாகக் கையாள்பவர், மேடிசன் அரிதாக. டென்னிங் அதிலிருந்து எடுத்தார் என்று சொல்லவில்லை. தருக்கம் ஒன்றே என்கிறேன். கணினி ஷிபோலெத்துக்கு வந்துவிட்டது.

டென்னிங்கின் கட்டுரை அச்சேறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, இதே முறையை ஒருவர் கோட்பாடின்றிக் கையால் செய்துகொண்டிருந்தார். 1986 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கட்டணக் கணக்கு 75 சென்ட் இடித்தது. அதைத் தீர்க்கப் பணிக்கப்பட்டவர் வானியலாளரான கிளிஃபோர்ட் ஸ்டோல். யாரோ ஒருவர் ஈமேக்ஸ் நிரலின் ஓர் ஓட்டை வழியே நிர்வாகி உரிமை பெற்று உலவுகிறார் என்று கண்டதும் அவரை வெளியேற்றாமல், உள்வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, இடும் ஒவ்வோர் எழுத்தையும் தாளில் பதித்தார். பின்னர் அவர் எழுதிய நூலுக்குக் ‘குயில் முட்டை’ என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலை அறிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

அந்தத் தாள்களில் இரண்டு தடயங்கள். முதலாவது, இயங்கும் பணிகளைப் பட்டியலிடும் கட்டளையோடு வந்தவர் ஓர் ‘எஃப்’ எழுத்தையும் சேர்த்து இட்டார். பெர்க்லியில் வழங்கிய யூனிக்ஸில் அது தேவையற்றது; ஏ.டி. அண்டு டி. வழங்கிய யூனிக்ஸில் தேவைப்படுவது. பெர்க்லி வளாகத்துக் குறும்பு மாணவர் யாரோ என்ற ஐயம் அத்தோடு வலுவிழந்தது. வந்தவர் வேறு வட்டாரத்தில் யூனிக்ஸ் கற்றவர், கிளைமொழி காட்டிக்கொடுத்தது. இரண்டாவது, அவர் தாமே உருவாக்கிக்கொண்ட கடவுச்சொற்கள்: ஹன்டர், யேகர், பென்சன், ஹெட்ஜஸ். யேகர் என்பது வேட்டைக்காரரைக் குறிக்கும் ஜெர்மன் சொல் என்று சக பணியாளர் ஒருவர் சொன்னார். பிந்தைய இரண்டும் சேர்ந்தால் ஒரு சிகரெட்டின் பெயர். இறுதியில் தொலைபேசித் தடம் சென்று சேர்ந்த இடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம். மார்குஸ் ஹெஸ் என்ற அவரும் கூட்டாளிகளும் திரட்டியவற்றை சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு விற்றுவந்தனர்.

பிறர் பூட்டுகளை அவர்தம் எளிய சொற்களால் திறந்தவரும், தமக்கென்று ஒரு சொல் தேர்ந்தபோது தாய்மொழியிலிருந்தே தேர்ந்தார். இரகசியத்தை மொழியிலிருந்து எடுத்தால் மொழி அதில் ஒட்டிக்கொண்டே வருகிறது.

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ஒருவர் எம்.ஐ.டி. கணினியிலிருந்து ஏவிய நிரல் இணையத்தில் தானே பரவிப் பல்லாயிரம் கணினிகளைத் திணறச் செய்தது. அது நுழைந்த வழிகளுள் அஞ்சல் நிரலின் ஓட்டையும் உண்டு, பயனர் விவரம் தரும் ‘ஃபிங்கர்’ நிரலின் ஓட்டையும் உண்டு. இன்னொரு வழி கடவுச்சொல் ஊகம். முதலில் பயனர் பெயர், பெயரை இரட்டித்தது, தலைகீழாக்கியது. பின் 432 சொற்கள் கொண்ட சொந்தப் பட்டியல். அதன்பின் கணினியிலேயே இருந்த அகராதி. அப்பட்டியல் பின்னர் வெளியிடப்பட்டது. இயற்கணிதம், வாழைப்பழம், பீத்தோவன், ஐன்ஸ்டைன் என்று ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தின் மனவுலகு அதில் இருக்கிறது, ‘சிவா’வும் இருக்கிறது. அந்த மாணவர் பெயர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். 1979 கட்டுரையின் ராபர்ட் மோரிஸ் அவருடைய தந்தை. அந்நேரம் அமெரிக்கத் தேசியக் கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை அறிவியலாளர். மகனுக்கு 1990இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. தந்தை எண்ணிக் காட்டிய சொற்களை மகன் ஒன்பதாண்டுகளில் இயக்கிக் காட்டினார் என்று பத்திரிகைத் தொனியில் எழுதத் தோன்றுகிறது; அடக்கிக்கொள்கிறேன்.

இனி, என்னை இதை எழுதத் தூண்டிய பகுதி. நடத்தையால் ஆளை அறியும் முறை இன்று எங்கும் பரவிவிட்டது. வங்கிச் செயலி, பல்கலைக்கழக அஞ்சல், தேர்வுக் கண்காணிப்பு அனைத்திலும் அது உண்டு. விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற மாணவி நள்ளிரவில் தம் கணக்கைத் திறந்தால் ‘வழக்கத்துக்கு மாறான செயல்பாடு’ என்று கதவு சாத்தப்படுகிறது. சொல் சரியாக இருந்தும், சொன்ன விதம் பிடிக்கவில்லை.

இதன் எண்கணிதத்தை ஸ்டெஃபான் ஆக்செல்சன் 1999இல் ஆராய்ந்தார். எளிமைக்காக என் கணக்கு ஒன்று. ஒரு நாளில் பத்து லட்சம் நிகழ்வுகள். அவற்றுள் உண்மையான ஊடுருவல் பத்து. கண்டறியும் கருவி அந்தப் பத்தையும் தவறாமல் பிடிக்கிறது. குற்றமற்றவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் தவறாக ஐயுறுகிறது. கேட்க நல்ல கருவிதான். ஆனால் அன்று மணி 10,010 முறை அடிக்கும். அவற்றுள் ஏறத்தாழ பத்தாயிரம் பொய்மணி. மணியடித்த ஆயிரம் பேரில் ஒருவரே குற்றவாளி. தேடப்படுவோர் அரிதாகும்போது நல்ல செவியும் பெரும்பாலும் தவறாகவே கேட்கும்.

கணினியில் இந்தத் தவறுக்கு விலை ஒரு மறுநுழைவு, சில நேரம் முடங்கிய கணக்கு. மனிதர்மீது அதே தருக்கத்தை ஏவியபோது என்ன ஆயிற்று என்பதற்கு விவிலியக் காலத்துக்குப் போக வேண்டாம். 1983 ஜூலையில் இலங்கையில் பேருந்துகளை நிறுத்தி, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் செய்து தமிழரைப் பிரித்தெடுத்தார்கள் என்று அந்நாள்களைப் பற்றிய விவரிப்புகளில் காண்கிறோம். அச்சொல்லின் முதலொலி, ‘பஸ்’ என்பதில் வரும் அதிர்வுடைய ஒலி. தமிழின் இயல்பான ஒலியமைப்பில் சொல்லின் முதலில் அது வராது. நம் எழுத்தில் அதற்குத் தனி வடிவமும் இல்லை. இந்தப் பதிவில் அச்சொல்லை எழுதும்போதே நான் அந்தச் சோதனையில் தோற்றிருக்கிறேன்.

அச்சோதனை தேடியது எந்தக் குற்றத்தையும் அன்று, ஓர் இனத்தை. ஊடுருவல் கண்டறியும் நிரலை அதனோடு சமமாக வைப்பது பிழை. எனினும் ‘இயல்பான நடத்தை எது’ என்ற வரையறை யார் கையில் இருக்கிறதோ, அவர்களுடைய வட்டார வழக்கே இயல்பாகிறது என்பது இரண்டுக்கும் பொது. பகலில் ஓரிடத்திலிருந்து ஒரே கருவியில் வேலை செய்பவர் அமைப்பின் கண்ணுக்கு நற்குடி. ஒரே கைப்பேசியை மூவர் பகிரும் வீட்டில் இருந்து வருபவர் எப்போதும் சிறிது சந்தேகத்துக்குரியவர்.

(விரல்ரேகை, கருவிழி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை வாங்கியதிலிருந்து தொடங்கும் அந்த வரலாறு தனிப் பதிவுக்குரியது.)

நம் துறையில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. புகலிடம் கோருவோர் எந்நாட்டவர் என்று பேச்சைக் கொண்டு தீர்மானிக்கும் வழக்கம் சில அரசுகளிடம் பரவியபோது, மொழியியலாளர் 19 பேர் கூடி 2004 ஜூனில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டனர். மொழி காட்டுவது ஒருவர் எங்கே எவருடன் வளர்ந்தார் என்பதை, அவருடைய குடியுரிமையை அன்று. பகுப்பாய்வைச் செய்வோர் தகுதி பெற்ற மொழியியலாளராக இருக்க வேண்டும். முடிவோடு அதன் உறுதியின் அளவையும் எழுத வேண்டும் என்றன அந்நெறிகள். உள்நுழைவுப் பதிவேடுகளைக் கொண்டு ஆளை மதிப்பிடும் அமைப்புகளில், கதவு சாத்தப்பட்டவரின் திரையில் அந்த உறுதியின் அளவு தோன்றுவதில்லை. ‘பின்னர் முயலவும்’ என்று மட்டும் வருகிறது.